மஞ்சு சொன்ன நிலை

தேதி தாண்டி இருபத்திரண்டு நாட்கள் ஆகிவிட்டன. ஏகநாதன் மாமாவின் மூளைக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தேதிக்கு அவர் போகவில்லை. தேயிலை சீசன் முடியட்டும், ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையரை விட்டுவிட்டு வர முடியாது என்றார். அந்தத் தைரியத்தைக் கொடுத்தவள் மஞ்சு.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில், ஸ்கேன் படங்களில் கட்டியின் ஓரத்தைக் கணினியில் வரைந்து கொடுப்பது அவள் வேலை. அப்படி வரைந்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து, கட்டி எந்த நிலை என்று சொல்ல மென்பொருள் கற்றுக்கொண்டிருந்தது. ஒன்று லேசு, நான்கு மோசம்.

அதற்கு ஸ்கேன் எந்திரத்தின் அசல் கோப்பு வேண்டும். மஞ்சு மாமாவின் ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் படமெடுத்து மென்பொருளுக்குக் கொடுத்தாள். அது இரண்டாம் நிலை என்றது. சொந்தக்காரர்கள் கூடினால் வாய் திறக்காதவள், அன்று எல்லோரும் கேட்க, "ரெண்டுதான், அவசரமில்ல" என்றாள். மாமா அதை ஃபேக்டரி முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அதே ஃபிலிமின் இன்னொரு போட்டோவையும் கொடுத்துப் பார்த்தாள். வந்த விடையை அழித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்கோத்தகிரியில் மாமா வீட்டுக்குப் போனாள். மாமாவின் மனைவி வேணி அத்தை, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை அவளுக்குப் போட்டு, டீக்குத் தொட்டுக்கொள்ளத் தட்டில் வர்க்கி வைத்தாள்.

"டாக்டரம்மா வந்துட்டாங்க. கைகட்டி நில்லுடி" என்று மாமா அத்தையைச் சீண்டினார். டீ கிளாஸை இடது கையால் எடுத்தார். வலது கை மடியில் கிடந்தது. நேற்று ஃபேக்டரியில் தேயிலை டிரேயைக் கீழே போட்டுவிட்டார் என்று அத்தை மெல்லச் சொன்னாள். குளிர்தான் காரணம் என்றார் அவர்.

மஞ்சு வர்க்கியைத் தொடவில்லை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்றாள். காரணத்தைச் சொல்லாமலே அவரைக் கூட்டிப்போய்விடலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள்.

"நீதானே புள்ள அவசரமில்லன்னு சொன்ன?" என்றாள் அத்தை.

மாமா சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்தது. "பயந்த புள்ள. ஆஸ்பத்திரிக்காரன் சொன்னா நம்ப மாட்டேன், நீ சொன்ன, நம்பினேன். சீசன் முடியட்டும்."

மஞ்சு நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"போன்ல எடுத்த போட்டோவ வச்சு நான் சொல்லியிருக்கவே கூடாது மாமா. ரெண்டாவது தடவையும் பாத்தேன். அது நாலுன்னு சொல்லுச்சு."