வெள்ளைத் தோட்டம்

படகுத்துறையில் எல்லோரும் அவளை வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கப் பழகுவதற்கு முன்பே நீந்திவிட்டாள் என்று அவள் அண்ணன் கட்டிவிட்ட கதையிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணன் ஒரு பாய்மரப் படகின் கேப்டன். அண்ணி அந்தப் படகின் சின்ன அடுப்பில் விருந்தாளிகளுக்குச் சமைப்பாள். வாத்து அவர்களைத் தண்ணீருக்குள் இறக்கிப் பவளப்பாறையைச் சுற்றிக் காட்டுவாள். காலையில் பாய் விரித்தால் தீவு வரை ஓட்டம்; அங்கே முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மீன் பார்த்தல்; படகிலேயே சாப்பாடு; பிறகு கயாக் என்ற குட்டித் துடுப்புப் படகு; வெயில் சாயும்போது கரை. சொந்தப் படகு, சொந்த உழைப்பு. ஓகோ என்றில்லாவிட்டாலும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு கடல் சூடேறிப்போனது. வெந்நீர் விளாவி வைத்தது போலத் தண்ணீர் உடம்பில் உறைக்காமல் இருந்தது. குதித்தவுடன் "அப்பாடா" என்று ஒரு சத்தம் வருமே, அது யாரிடமிருந்தும் வரவில்லை. பவளத்தின் ஓரங்கள் முதலில் வெளுத்தன. பிறகு கிளை கிளையாக, மேடு மேடாக வெளுப்பு ஏறி, ஒரு வாரத்தில் பாறையில் பெரும்பகுதி சலவை செய்து விரித்தாற்போல ஆகிவிட்டது.

கொடுமை என்னவென்றால், அது அழகாக இருந்தது. அவ்வளவு வருடமும் பழுப்பும் பச்சையுமாகக் கிடந்த இடம் இப்போது பளிங்கு போல மின்னியது. அங்கங்கே சில கிளைகள் இளநீலத்தில் ஒளிவிட்டன. சுற்றுலாவுக்கு ஆள் பதியும் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அக்கா ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாள். "வெள்ளைத் தோட்டம்" என்று பெயர் வைத்து விளம்பரம் போட்டாள். அன்று முதல் போன் ஓயவில்லை.

அண்ணன் சிரித்தான், ஆனால் கணக்காகவே சிரித்தான். வேறு கரையில் படகு ஓட்டும் அவன் கூட்டாளியின் பாறையும் முன்பு இப்படித்தான் வெளுத்தது. வெளுத்த பவளம் உயிரோடுதான் இருக்கும், ஆனால் பட்டினி. தண்ணீர் குளிராவிட்டால் சில வாரங்களில் செத்துப்போகும். மேலே பழுப்புப் பாசி படரும். மீன் போய்விடும். மீன் போனால் ஆளும் வராது.

"அதுக்குள்ள படகை வித்துடணும்" என்றான் அண்ணன், ஒருநாள் சாப்பிடும்போது. சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏதோ உப்புக் கேட்பது போலச் சொன்னான். படகு எஞ்சின் ரிப்பேர் கடை ஒன்று போடுவது அவனுடைய ரொம்ப நாள் ஆசை. அண்ணிக்கு இடுப்பு வலி. ஆடுகிற படகில் நின்று சமைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைக்கு இடம்கூடப் பார்த்தாயிற்று. அண்ணி ஒருநாள் போய் ஜன்னலை அளந்துவிட்டு வந்தாள், திரைச்சீலைக்கு.

வாங்க ஆளும் கிடைத்தார். ஒரு பல் டாக்டர். பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக, ஒருநாள் முழுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியே வந்தார். அன்று படகில் அவரோடு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் இருந்தது.

அவர்கள் ஏறுவதற்கு முன் அண்ணன் வாத்தைப் பின்பக்கம் கூப்பிட்டான்.

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். கேட்டா மட்டும் பதில் சொல்லு. வெள்ளையா இருக்குன்னு அவங்களே சொல்லிக்கட்டும்."

"அவர் கேட்டா?"

"அவரு பல் டாக்டரு, வாத்து. பவளத்தைப் பத்தி என்ன கேக்கப் போறாரு?"

காற்று நன்றாக இருந்தது. பாய் விரிந்ததும் எஞ்சினை நிறுத்தினான் அண்ணன். கயிறு முறுகும் ஓசையும் தண்ணீர் கிழிபடும் ஓசையும் மட்டும் கேட்டன. புதுப்பெண் அவ்வப்போது கத்தினாள்; மாப்பிள்ளை அவளைப் பிடித்துக்கொள்ளும் சாக்கில் தானும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பல் டாக்டர் சுக்கானுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இந்தக் கயிறு எதுக்கு, அந்த முடிச்சுக்குப் பேர் என்ன. அண்ணன் அவர் கையில் சுக்கானைக் கொடுத்தான். மனிதர் முகம் புது சைக்கிள் கிடைத்த பையன் முகம் போல ஆயிற்று.

"வாழ்நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளேயே பார்த்துட்டேன், கேப்டன். இனிமேலாவது கொஞ்சம் வெளியே பார்க்கலாம்னு."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மூவரும் சிரிப்பதைப் பார்த்தபோது, எல்லாம் கூடி வந்துவிடும் என்றுதான் வாத்துக்கும் தோன்றியது.

தீவுக்குப் பக்கத்தில் மிதவையில் படகைக் கட்டினார்கள். முகமூடிக் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்தால் ஆவி படியாது என்று வாத்து சொல்லிக்கொடுத்தாள். புதுப்பெண் "சீ" என்றாள். மாப்பிள்ளை அவளுக்கும் சேர்த்துத் துப்பிக் கொடுத்தான். நால்வரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

வாத்து முன்னால் நீந்தினாள். ஒரு வாரம் முன்புகூட மான்கொம்புப் பவளத்தின் உச்சிகளில் கொஞ்சம் பழுப்பு மிச்சமிருந்தது. அதுவும் இன்று இல்லை. கோமாளி மீன் தன் வீட்டை விட்டு வராமல் வெளுத்துப்போன இழைகளுக்குள்ளேயே புரண்டுகொண்டிருந்தது. ஓர் ஓரத்தில், பாறை மடிப்புக்குள், முதல் பாசியைப் பார்த்தாள். உள்ளங்கை அகலம் இருக்கும். காலில் மாட்டிய துடுப்பை அசைத்ததும் தூசு போல் கலைந்து மறுபடி அதே இடத்தில் படிந்தது. விருந்தாளிகள் அந்தப் பக்கம் வராதபடி அவர்களைச் சுற்றி அழைத்துப் போனாள். அப்படிச் செய்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

பல் டாக்டர் மேலே வந்து முகமூடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு சுத்தமான வெள்ளையை நான் ஒரு வாயிலயும் பார்த்ததில்லம்மா!"

சாப்பாட்டு நேரத்தில் அவர் அடங்கவே இல்லை. வறுத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். கிளினிக்கைத் தன்னிடம் வேலை பார்த்தவருக்கே கொடுத்துவிட்டாராம். பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்கிறார்களாம். வீட்டம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயமாம். "இப்போ இந்த வயசுல நீச்சல் கிளாஸ் போறா. குட்டிப் பசங்களோட. நேத்து முதல் தடவையா தலையைத் தண்ணிக்குள்ள விட்டாளாம். போன்ல ஒரே சத்தம், என்னவோ மெடல் வாங்கின மாதிரி." அண்ணி அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். வைக்கும்போது வாத்தின் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு கயாக்கை இறக்கினார்கள். புது ஜோடி ஒன்றில் ஏறி, அவன் வலதுபக்கம் துழாவ, அவள் இடதுபக்கம் துழாவ, செக்கு மாடு போல ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. "நீங்கதான் தப்பா போடறீங்க!" என்று அவள் கத்துவது தூரம்வரை கேட்டது. இன்னொன்றில் பல் டாக்டர் முன்னால், வாத்து பின்னால். தீவின் நிழல்பக்கம் வந்ததும் அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? இது எப்பவும் இப்படியே இருக்குமா? இல்ல, மழைக்காலத்துல வேற மாதிரியா?"

அவருடைய முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே வெயிலில் கன்றிச் சிவந்த கழுத்து. கேட்டால் பதில் சொல்லு என்று அண்ணன் சொல்லியிருந்தான். எந்தப் பதில் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. அண்ணியின் இடுப்பு, கடை, அந்த ஜன்னல் எல்லாம் அவள் கண்முன் வந்தன. குளத்தில் குட்டிப் பசங்களுக்கு நடுவே தலையை முக்கி எழும் முகம் தெரியாத ஓர் அம்மாளும் வந்தாள்.

"டாக்டர்... அது இப்போ செத்துக்கிட்டிருக்கு."

அவர் திரும்பவில்லை. அவள் முழுவதையும் சொன்னாள். சூடு, பட்டினி, பாசி. அழகாக இருப்பதே சாவதற்கு முன்னால்தான் என்பதையும் சொன்னாள். அலை கயாக்கை மெல்லப் பாறைப் பக்கம் தள்ளியது. அவள் துடுப்பால் விலக்கினாள்.

"பொழைக்கவே பொழைக்காதா?"

"தண்ணி குளிர்ந்தா கொஞ்சம் பொழைக்கும். குளிரும்னு எனக்குத் தோணல."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

இங்கேயாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு நாக்கு புரளவில்லை. "தெரியும்" என்றாள்.

அவர் மடியிலிருந்த துடுப்பைக் கையில் எடுத்தார். "ஏம்மா சொன்னீங்க?"

"உங்க வீட்டம்மா நீச்சல் கத்துக்கறாங்கன்னு சொன்னீங்களே."

திரும்பும்போது அவர் பாயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அண்ணன் மறுபடி சுக்கானைக் கொடுக்கக் கை நீட்டினான். அவர், "வேணாம் கேப்டன், கொஞ்சம் அசதியா இருக்கு" என்றார். அண்ணன் தங்கையைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வைதான். பிறகு கரை வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தான். பல் டாக்டர் இறங்கும்போது எல்லோருக்கும் கை கொடுத்தார். "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்" என்றார். சொல்லமாட்டார் என்பது துறையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

அண்ணன் திட்டியிருந்தால் தேவலை. கயிற்றைச் சுற்றி வைத்தான். முகமூடிகளை நல்ல தண்ணீரில் அலசினான். அது அவளுடைய வேலை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டான்.

"எனக்குத் தெரியும்னும் சொல்லிட்டியா?"

"கேட்டாரு, அண்ணா."

தலையை ஆட்டிக்கொண்டான். அண்ணிதான், பாத்திரக் கூடையைக் கரையில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நல்லதுதான் பண்ணியிருக்கே. நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அந்தச் செத்த பாறைமேல இனி நாமதான் போய்க்கிட்டு வரணும், அதையும் யோசிச்சிருக்கலாம்."

வேறு யாரும் வாங்க வருவதற்குள் பாசி வந்துவிட்டது. வெள்ளை முழுவதும் பழுப்பானது; ஊறப்போட்டு மறந்த துணி போல எல்லாம் வழவழத்தது. விருந்தாளிகள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, "வெள்ளைத் தோட்டம் எங்கே?" என்று கேட்டார்கள். "இதுதான்" என்று சொல்ல முடியாமல் அவள் இன்னும் கொஞ்ச தூரம் நீந்தினாள். கிளிமீன்கள் கொஞ்ச நாள் சுற்றின; பிறகு அவையும் இல்லை. ஆபீஸ் அக்கா போட்டோவை எடுத்துவிட்டாள். அடுத்த முறை போன் செய்தபோது எடுக்கவும் இல்லை.

அண்ணன் வேறொரு துறைமுகத்தில் மண் வாரும் கப்பலுக்கு வேலைக்குப் போனான். வீட்டுக்கு எப்போதாவது வருவான். வரும்போது கை நகங்களில் கறுப்புச் சேறு இருக்கும், தேய்த்தாலும் போகாது. படகை மேலே ஏற்றி மரக்கட்டைகள் மேல் நிறுத்தி வைத்தார்கள். அண்ணி ஒரு ஹோட்டல் சலவை அறையில் ஈரப் போர்வைகளைத் தூக்கிப் போட்டாள். டாக்டர் எதைத் தூக்கக்கூடாது என்றாரோ அதைத்தான் தினமும் தூக்கினாள். வாத்துக்கு அதே ஹோட்டலின் நீச்சல் குளத்தில் வேலை. துண்டு மடித்துக் கொடுப்பாள், குழந்தைகளுக்குத் தண்ணீருக்குள் மூச்சு விடக் கற்றுக்கொடுப்பாள். குளத்தின் தரையில் நீல நிற ஓடு பதித்திருந்தார்கள். பார்க்க வேறெதுவும் இல்லை.

ஒருநாள் குளக்கரையில் இருந்தபோது போன் வந்தது. குரல் உடனே தெரிந்துவிட்டது.

"ஞாபகம் இருக்காம்மா? பல் டாக்டர்."

அவர் படகு வாங்கிவிட்டாராம். இங்கிருந்து ரொம்பத் தூரத்தில், வேறொரு கடலில். நன்றாக விசாரித்து, பாறை பச்சையும் ஊதாவுமாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகுதான் வாங்கினாராம். வீட்டம்மா இப்போது ஆழத்திலேயே நீந்துகிறாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் பழையபடி ஆனது.

"போன வாரத்துலேர்ந்து ஓரமெல்லாம் வெளுக்குதும்மா. தண்ணியும் சூடாத்தான் இருக்கு. அதேதானா?"

"அதேதான், டாக்டர்."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

"முடியாது."

பெருமூச்சு கேட்டது. பின்னால் யாரோ ஒரு பெண்மணி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவளுக்கு இன்னும் சொல்லல. இருந்ததையெல்லாம் இதுல போட்டுட்டோம். நாளைக்கு ஒருத்தர் படகைப் பார்க்க வர்றார். சின்ன வயசு, கைக்குழந்தை வேற இருக்கு அவருக்கு. நான்... நான் என்னம்மா சொல்லட்டும்?"

குளத்தில் ஒரு குழந்தை "பாருங்க, பாருங்க" என்று கத்தியது. வாத்து அந்தப் பக்கம் கையை ஆட்டினாள். சொல்லுங்க என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை அவள் தினமும் சலவை அறை வாசலில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். சொல்லாதீங்க என்றால், இந்த மனிதரையே அன்று கயாக்கில் ஏமாற்றியிருக்கலாம்.

"தெரியல, டாக்டர்" என்றாள்.

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

வேலை முடிந்து போகும்போது அண்ணியிடம் சொன்னாள். இருவரும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணி முழுவதையும் கேட்டாள். சோடாத்தூளில் வெந்துபோன விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நீ என்ன சொன்னே?"

"தெரியலன்னு சொன்னேன்."

"அதையே அன்னிக்கும் சொல்லியிருக்கலாமே" என்றாள் அண்ணி. கோபமில்லாமல்தான் சொன்னாள். பஸ் வந்தது. உட்கார ஒரே ஓர் இடம்தான் இருந்தது. வாத்து அண்ணியை அதில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.