இடைவேளையோடு எழுந்து போகிறவர்

பத்திரிகையில் இருபது வருடமாகச் சினிமா விமர்சனம் எழுதுகிறேன். ஒரு படத்தையும் இடைவேளைக்கு மேல் பார்த்ததில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். முதல் பாதி முழுக்கப் படத்தின் குறைகளை மனைவியின் காதில் சொல்லிவிட்டு, எழுதுவதற்கு அலுவலகம் போய்விடுவேன். மீதியை அவள் பார்த்துவிட்டுப் போனில் சொல்வாள். "சேர்ந்துட்டாங்க" என்பாள், இல்லாவிட்டால் "செத்துட்டாங்க" என்பாள். அதற்குமேல் ஒரு விமர்சகனுக்கு என்ன வேண்டும்?

நேற்றைய காதல் படம்தான் என் பிழைப்பைக் கெடுத்தது. இடைவேளையில் எழுந்தேன், கால் வாசலுக்குப் போக மறுத்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மனைவி என்னையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். காதலி மறந்துவிட்டுப் போன குடையை ஏழு வருடம் கழித்து நாயகன் திருப்பிக் கொடுத்தபோது, சின்னப்பிள்ளை மாதிரித் தேம்பினேன். சினிமா மேல் எனக்கு மறுபடி ஆசை வந்துவிட்டது.

விளக்கு போட்டதும் மனைவியின் கையைப் பிடித்தேன்.

"இனிமே எல்லாப் படத்தையும் உன்கூடக் கடைசிவரைக்கும் பார்க்கப்போறேன்."

அவள் முகம் வாடிப்போயிற்று.

"நீங்க எழுந்து போனப்புறம் கிடைக்கிற அந்த ஒண்ணரை மணி நேரத்துக்காகத்தாங்க, நான் இத்தனை வருஷமா படத்துக்கே வந்தேன்."