விழ மறுத்த பல்

என் தொழிலில் கட்டம் முதலில் வரும், வார்த்தை பிறகுதான் வரும். இணையதளம் செய்யச் சொல்லிவிட்டு, "மேட்டர் நாளைக்கு அனுப்பறேன்" என்பார்கள். அந்த நாளை லேசில் வராது. வெறும் கட்டத்தைக் காட்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று மற்றவர்கள் அர்த்தமில்லாத எழுத்துகளைக் கொட்டி நிரப்புவார்கள். நான் கதை எழுதி நிரப்புவேன். கட்டம் முடியும் இடத்தில் கதையும் நின்றுவிடும். மேட்டர் வந்ததும் கதையை அழித்துவிட்டு அதைப் போடுவேன். பிரதி எடுத்து வைக்கும் பழக்கமில்லை.

முதல் தளம் அண்ணனின் டயர் கடைக்கு. அப்புறம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, கண்ணாடிக் கடை, தண்ணீர்த் தொட்டி கழுவிக் கொடுப்பவர் என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் என் படுக்கையறை மேசையிலேயே முடிந்தன. ஆரம்பத்தில் ஒரு தளம் வெளியானால் வீட்டுக்கு இனிப்பு வாங்குவேன். இப்போது கை தானாக ஓடுகிறது. பாராட்டினாலும் திட்டினாலும் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. ஊசி போட்ட தாடை மாதிரி மனசு மரத்துக் கிடக்கிறது.

"இப்படி வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடந்தா கிறுக்குதான் புடிக்கும். ஒழுங்கா ஒரு கம்பெனில சேரு" என்பார் அண்ணன். வாயைத் திறந்தால் இதே பல்லவிதான்.

சேர ஓர் இடம் வந்தது. சிறுவர் பத்திரிகை ஒன்று, தளத்தையும் பார்த்துக்கொண்டு கதையும் எழுத ஆள் தேடியது. காலையில் நேர்முகம் முடிந்ததும் ஆசிரியர், "நீங்களே எழுதின கதை ஒண்ணு, சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க" என்றார். அந்த வேலை எனக்கு வேண்டும். ஒன்று வேண்டும் என்று நான் நினைத்தே எவ்வளவோ காலமாகியிருந்தது.

எழுதியதெல்லாம் என் கையாலேயே அழிந்திருந்தது. ஒன்றே ஒன்று பாக்கி. ஒரு பல் டாக்டரின் தளத்தில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்கு அவர் இன்றுவரை மேட்டர் தரவில்லை. அங்கே என் கதை இருந்தது. விழ மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு பால்பல், அதை ஆட்டிக்கொண்டே திரியும் ஒரு சிறுமி. சாப்பிட்டுவிட்டு முடிவை எழுதி அனுப்பிவிடலாம் என்று தட்டோடு மேசையில் உட்கார்ந்தேன்.

போன் வந்தது. அந்த டாக்டரின் ரிசப்ஷனில் இருக்கும் பெண்.

"மேடம், சார் ஒருவழியா மேட்டர் குடுத்துட்டாரு. அனுப்பிட்டேன். இப்பவே போடணுமாம், தலைமேல நிக்கறாரு."

இடது கையாலேயே பக்கத்தைத் திறந்தேன். இருந்ததை அழித்தேன், வந்ததை ஒட்டினேன், சேமித்தேன். "போட்டாச்சு" என்றேன்.

"ஐயையோ, அந்தப் பல்லு கதை போயிடுச்சா?"

அப்போதுதான் உறைத்தது. பேக்கப் கிடையாது. அதற்குத் தனிக் கட்டணம் என்றபோது, "பல்லுக்கே பேக்கப் இல்லம்மா, இதுக்கு எதுக்கு?" என்று சிரித்தவர் அந்த டாக்டர். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நீங்க அதப் படிச்சிருக்கீங்களா?"

"படிக்கறதா? ஊசிக்குப் பயந்து அழற பசங்களுக்கு அதத்தானே சொல்றேன். பாதில நிக்குதேன்னு மிச்சத்த நானே சேத்துக்கிட்டேன். தப்பா மேடம்?"

"மொதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டச்சு செய்தேன். எது என் வரி, எது அவருடையது என்று பிரிக்க முடியவில்லை. என் பல் வெறுமனே அடம்பிடித்தது. அவருடைய பல்லுக்குப் பயம் இருந்தது. "வெளிய போனா என்னை யாரு பாத்துப்பா?" என்று அது கேட்டது. கடைசியில் சிறுமி எதற்கோ வயிறு வலிக்கச் சிரிக்கிறாள், பல் அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"அவளுக்கு வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"பசங்களும் அதத்தான் கேப்பாங்க. கொஞ்சம் வலிக்கும்னு சொல்லிடுவேன். பொய் சொன்னா அப்புறம் வாயே தொறக்க மாட்டாங்க."

மரத்த தாடைக்கு உணர்வு திரும்பும்போது முதலில் வருவது வலிதான். எனக்கு வலித்தது. நீங்களே எழுதினது என்றுதான் ஆசிரியர் கேட்டிருந்தார். முழுக்க என்னுடையது என்று அனுப்பினால் யாருக்கும் தெரியப்போவதில்லை, இந்தப் பெண்ணுக்குக்கூட.

"உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். இத்தனை வருஷமும் என் போனில் அவர் வெறும் 'ரிசப்ஷன்'தான்.

சொன்னார். கதைக்குக் கீழே அந்தப் பெயரையும், அதற்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டேன். தானாக ஓடிப் பழகிய கையை நிறுத்தி, முதல்முறையாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு அனுப்பினேன்.