மருதம்மாள் வீட்டில் ஏழு அம்புகள்

அடுப்பு எரியவில்லை. ஆனால் அணைக்கப்படவும் இல்லை.

துணி காயப்போட மாடிக்கு ஏறிய பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் பாதிப் படியில் நின்றாள். மூக்கைச் சுளித்தாள். அடுத்த நொடி ஈரத்துணி படியில் கிடந்தது, அவள் மருதம்மாளின் சமையலறையில் இருந்தாள். ஜன்னலைத் திறந்தாள், சிலிண்டரை மூடினாள், அப்புறம்தான் கத்தினாள்.

"ஏனுங்கக்கா, ஊடு பூரா கேஸ் நாறுது, நீங்க பாட்டுக்கு உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டு இருக்கறீங்க!"

"சளி புடிச்சு மூக்கடைச்சுக் கெடக்குதே தெய்வா. அணைச்சனே நான்?"

அணைத்ததாகத்தான் நினைத்திருந்தாள். மகள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த கண்ணாடி அடுப்பு அது. குமிழை இந்தப் பக்கம் திருப்புவதற்குப் பதில் அந்தப் பக்கம் திருப்பி, சிம்மில் வைத்துவிட்டாள். பொட்டு அளவு நீலத் தீ. அவள் கண்ணுக்கு அது தெரியவில்லை. ஜன்னல் காற்று ஊதி அணைத்துவிட்டுப் போய்விட்டது.

தெய்வாத்தாள் செய்த அடுத்த வேலை, கோயம்புத்தூருக்குப் போன் போட்டது. அதற்கடுத்தது, போன் போட்டதற்காக மருதம்மாளிடம் திட்டு வாங்கிக்கொண்டது.

மத்தியானத்துக்குள் மகள் சித்ராதேவி வந்து இறங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

"போதும்மா. எங்கூட வந்துரு. இந்த ஊட்டைப் பூட்டிரலாம்."

"கண்ணுதானே போச்சு. கையுங்காலும் நல்லாத்தானே இருக்குது?"

"அந்தக் கையாலதான் கேஸைத் தொறந்து உட்டிருக்கற."

எழுபத்தொரு வயதில் மருதம்மாள் ஊரை விட்டுக் கிளம்புவதா? கோயம்புத்தூரில் மகள் வீடு ஒன்பதாவது மாடி. காலையில் கதவைச் சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். இங்கே சந்தின் கோடியில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். கூப்பிட்ட குரலுக்குத் தெய்வாத்தாள் வருவாள். பதினொரு மணிக்கு மருதம்மாள் அவளுக்கும் சேர்த்துத் தன் கையால் டீ போடுவாள். அந்த டீ போய்விட்டால் பிறகு தன்னிடம் என்ன இருக்கிறது?

கண் ஆஸ்பத்திரி டாக்டர் ஏற்கெனவே ஒரு யோசனை சொல்லியிருந்தார். போன பார்வையைத் திருப்ப முடியாது. ஆனால் மிச்சமிருக்கிற பார்வையையும் கையையும் வைத்து வீட்டு வேலைகளைப் பத்திரமாகச் செய்யப் பழக்கித் தர ஆள் உண்டு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று பெயர். வீட்டுக்கே வருவார்.

"சரி. மூணு தடவை வரட்டும். கடைசித் தடவை நானும் இருப்பேன். நீ தனியா இருக்கலாம்னு எனக்கு மனசுக்குப் பட்டா இரு. இல்லைன்னா அன்னிக்கே கெளம்பற. சரியா?" என்றாள் சித்ராதேவி.

"செரி," என்றாள் மருதம்மாள். வேறு வழி?

வந்த பெண்ணின் பெயர் சுபஸ்ரீ. ஊத்துக்குளிக்காரி. முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, வாயில் ஓயாத பேச்சு.

"தெரபின்னா என்னங்க அம்மிணி, ஊசி போடுவீங்களா?" என்று தெய்வாத்தாள் வாசலிலேயே விசாரணை போட்டாள்.

"ஊசியெல்லாம் இல்லீங்க. டீ போடச் சொல்லுவேன், குடிப்பேன், போயிருவேன்."

"அட, இந்த வேலைக்கு நானும் வர்றனே!"

மருதம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை. ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. மெஷின் எண்ணெய் சொட்டிய பனியன் மாதிரி என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். பனியன் என்றால் மருந்து பீய்ச்சுகிற ஸ்ப்ரே கன் வைத்துக் கறையை அடித்து எடுத்துவிடலாம்.

"நேராப் பாக்காதீங்கம்மா. கொஞ்சம் ஓரமாப் பாருங்க. என் மூஞ்சி தெரியோணும்னா என் காதைப் பாருங்க," என்றாள் சுபஸ்ரீ.

மருதம்மாள் பார்த்தாள். கறை நகர்ந்தது. ஒரு மூக்குத்தி மின்னியது, ஒரு சிரிப்பு தெரிந்தது.

"ஓரக்கண்ணுல பாத்துட்டே காதர்பேட்டை பனியன் கடைவீதிக்குள்ள நடந்தா, சரக்கெடுக்க வந்தவனெல்லாம் என்ன நெனைப்பான் கண்ணு?"

"உங்களுக்கு இன்னும் வயசாகலைன்னு நெனைப்பானுங்க."

முதல் நாள் இப்படிச் சிரிப்பாகத்தான் போனது. வெள்ளை டம்ளரில் பால் ஊற்றாதீர்கள், அடியில் கறுப்புத் துணி விரித்து எவர்சில்வர் டம்ளரை வையுங்கள் என்றாள் சுபஸ்ரீ. மருதம்மாள் மறுபேச்சில்லாமல் செய்தாள்.

இரண்டாம் முறைதான் விபரீதம் நடந்தது.

சுபஸ்ரீ பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். தாள் முழுக்கச் சின்னச் சின்ன ஆரஞ்சு நிற அம்பு ஸ்டிக்கர்கள். அடுப்பின் இரண்டு குமிழிலும் ஒவ்வொன்று ஒட்டினாள். சிலிண்டரில் ஒன்று, மிக்ஸியில் ஒன்று, ஸ்விட்ச் போர்டில் ஒன்று, குளியலறைப் படியில் ஒன்று, உப்பு டப்பாவில் ஒன்று.

"பளிச்சுனு தெரியுதுங்களா?"

தெரிந்தது. ஓரப் பார்வையில் ஏழும் தெரிந்தன. மருதம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சுபஸ்ரீயின் ஸ்கூட்டி சந்து முனையைத் தாண்டிய ஐந்தாவது நிமிடம், மருதம்மாள் நகத்தால் முதல் ஸ்டிக்கரைக் கிளப்பினாள். ஏழையும் பிய்த்து, உருட்டிக் குப்பையில் போட்டாள். தப்பு என்று தெரியும். ஆனால் அவளால் முடியவில்லை.

முப்பத்தொரு வருஷம் அவள் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங், தைத்து வந்த துணியில் குறை கண்டுபிடிக்கிற வேலை. மங்கலத்துத் தறிவீட்டிலிருந்து கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் சேர்ந்தாள். அறுபது பெண்கள், நீள மேஜைகள், தலைக்கு மேலே டியூப்லைட் வரிசை, எதிர் நாற்காலியில் தெய்வாத்தாள். புதுத் துணியின் மாவு வாசனை மூக்கில் ஏறிக்கிடக்கும். ரேடியோவில் பாட்டு மாறும்போது அறுபது கைகளின் வேகமும் மாறும். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம், எதைக் கண்டாலும் அந்த இடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கர். ஒட்டிய பீஸ் நல்ல பீஸோடு சேரக் கூடாது. சேர்ந்தால் மானம் போயிற்று. ஒருதரம் சரக்கு வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவள் மேஜைச் சரக்கை அரை நாள் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படாமல், அவள் கண்ணைக் காட்டி ஏதோ சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு முழுக்க மருதம்மாள் தரையில் நடக்கவில்லை.

இன்னொரு நாள், சண்டை போட்ட கோபத்தில் தெய்வாத்தாளின் முதுகில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். அந்த அம்மாள் அதோடு பழைய பஸ் ஸ்டாண்டு வரை போய், வழியெல்லாம் செக்கிங் பெண்கள் சிரிப்பதன் காரணம் புரியாமல் அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்துவிட்டு வந்தாள்.

இப்போது அந்த அம்பு அவள் வீட்டிலேயே ஏழு இடத்தில்.

கடைசி நாள் வந்தது. சித்ராதேவி கையில் காலிப் பெட்டியோடு வந்திருந்தாள்.

"டீ போடுங்கம்மா," என்றாள் சுபஸ்ரீ. அடுப்பைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை!

மருதம்மாள் பற்றவைத்தாள். பால் பொங்கும் சத்தத்தைக் காதால் பிடித்தாள். இறக்கினாள், கறுப்புத் துணிமேல் டம்ளரை வைத்து ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். குமிழைத் திருப்பினாள்.

நீலத் தீ பொட்டாக எரிந்துகொண்டே இருந்தது.

"பாத்தீங்களா?" சித்ராதேவி சுபஸ்ரீயிடம் திரும்பினாள். அவளே எட்டி அடுப்பை அணைத்தாள். "இதுக்குத்தாங்க நான் பயப்படறேன்."

"ஒட்டுனதெல்லாம் எங்கம்மா?" என்றாள் சுபஸ்ரீ.

மருதம்மாள் டம்ளரை நகர்த்தி வைத்தாள். வாசலில் நின்ற தெய்வாத்தாள்தான் எட்டிப் பார்த்தாள்.

"எதை ஒட்டுனீங்க அம்மிணி?"

"ஆரஞ்சு அம்புங்க. இடம் தெரியறதுக்கு."

"அம்பு ஸ்டிக்கரா! அடக் கண்றாவியே, செக்கிங்காரி ஊட்டுல போயா அதை ஒட்டுவாங்க?"

அப்போதுதான் மருதம்மாள் வாயைத் திறந்தாள். "என் ஊட்டுல டேமேஜ் இல்லீங்க கண்ணு. டேமேஜ் நாந்தான். அதை ஏழு எடத்துல எழுதி ஒட்டிட்டுப் போயிட்டீங்க. பாத்துட்டே எப்படி இருப்பேன்?"

சுபஸ்ரீ பையைக் கீழே வைத்தாள்.

"கேக்காம ஒட்டுனது என் தப்புங்கம்மா. டேமேஜுக்கு ஸ்டிக்கர். அப்ப நல்ல பீஸுக்கு என்ன செய்வீங்க?"

"ஒண்ணுமில்ல. உள்ள கைய உட்டுத் தடவிப் பாப்போம். அக்குள்ல நாலு தையலும் நேரா வந்து ஒட்டுதான்னு வெரலுக்கே தெரிஞ்சிரும். மடிச்சு அடுக்கிருவோம்."

"கண்ணு வேண்டாமா அதுக்கு?"

"அதுக்கு எதுக்குக் கண்ணு?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். கை தானாகக் குமிழுக்குப் போனது. "தெய்வா, உங்கிட்ட பைப்பிங் கயிறு இருக்குதா?"

தெய்வாத்தாள் ஓடினாள். கழுத்துப்பட்டிக்குள் வைத்துத் தைக்கிற கெட்டிக் கயிறு, அரை முழம் கிடைத்தது. சுபஸ்ரீ பசை கொடுத்தாள். ஒவ்வொரு குமிழின்மேலும் ஒரு துண்டு, அதற்கு நேராக அடுப்பின் உடம்பில் ஒரு துண்டு. எங்கே ஒட்டுவது என்று மருதம்மாளே விரலால் காட்டினாள். இரண்டும் ஒரே கோடாகச் சேர்ந்தால் அடுப்பு அணைந்துவிட்டது. விலகியிருந்தால் இல்லை.

"தையல் சேருது," என்றாள்.

"இன்னொரு டீ போடும்மா," என்றாள் சித்ராதேவி. குரலில் இன்னும் சந்தேகம்.

போட்டாள். அணைத்தாள். விரல் கோட்டை ஓட்டிப் பார்த்தது. கோடு சேரவில்லை. திருப்பினாள். சேர்ந்தது. தீ போயிருந்தது. மகள் வேண்டுமென்றே குமிழைச் சிம்மில் வைத்துவிட்டு "அணைஞ்சிருச்சும்மா" என்று பொய் சொல்லிப் பார்த்தாள். மருதம்மாள் தடவினாள்.

"செக்கிங்காரிகிட்டப் பொய் சொல்ற பாரு," என்று மகளின் கையில் ஒரு அடி வைத்தாள். மகள் ஐந்து முறை ஏமாற்றிப் பார்த்தும் ஐந்து முறையும் பிடித்தாள். சுபஸ்ரீ தன் படிவத்தில் எதையோ எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

"தனியா சமைக்கலாங்க. அடுத்த மாசம் நான் வந்து ஒருக்காப் பாத்துக்கறேன்."

சித்ராதேவி அடுப்புத் திண்டில் சாய்ந்து டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். முகத்தைச் சுளித்தாள்.

"சக்கரையை இப்படிக் கொட்டி வெச்சிருக்கற? அளவு தெரியலையா?"

"அது கண்ணோட கோளாறில்ல கண்ணு. உங்கப்பாவுக்கு அப்படித்தான் வேணும். கம்பெனி உட்டு வந்ததும் நாந்தான் போட்டுத் தரோணும். அவரு போயி ஒம்பது வருசமாச்சு, கை மாத்திக்கவே மாட்டேங்குது."

சித்ராதேவி டம்ளரைப் பார்த்தாள். அப்பா, ராத்திரி ஷிப்டு முடித்து வந்து, இதே திண்டில் சாய்ந்து குடித்த டீ. கடைசி மடக்கை மிச்சம் வைத்து, பள்ளிக்கூடம் கிளம்பி நின்ற அவளிடம் நீட்டுவார். அந்த இனிப்பு அப்படியே இருந்தது.

முழு டம்ளரையும் குடித்து முடித்தாள். பிறகு போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

"அம்மா வரலீங்க... இல்லீங்க, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. இங்கயே இருந்துக்குவாங்க." கொஞ்சம் யோசித்தாள். "நானும் இன்னிக்கு வரலீங்க. காலைல டீ குடிச்சிட்டு வந்தர்றேன்."