பூப்போட்ட பேண்ட் வழக்கு

தை அமாவாசையன்று காலை பத்து மணிக்கு, லாட்ஜ் நடத்தும் சௌகத் அலி ஒரு வெள்ளைக்காரரை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார். வந்தவர் மேலே வெறும் உடம்பாக, இடுப்பிலிருந்த கட்டம்போட்ட லுங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“லுங்கி என்னுது சார். கடல்ல குளிச்சிட்டு வந்து பாக்கறாரு, சட்டையும் இல்ல, பேண்ட்டும் இல்ல. பேண்ட் பாக்கெட்ல பாஸ்போர்ட் கீதாம். நாளைக்கி பிளேனு.”

சப்-இன்ஸ்பெக்டர் நரசிம்மன் நிமிர்ந்தார். “பேண்ட் இன்னா கலரு?”

“பூப்போட்டது சார். செவப்புப் பூ. கீழ யானக் காது மாதிரி விரிஞ்சினு இருக்கும். மாமல்லபுரத்துலயே ஒண்ணுதான் கீது.”

“அப்ப போட்டுகினு வர்றவன் தானா மாட்டுவான்.”

பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிறவர் போகிறவர் கால்களைக் கவனிக்கும்படி இரண்டு கான்ஸ்டபிள்களை அனுப்பினார்.

மூலை மேஜையில் தெய்வநாயகி உட்கார்ந்திருந்தாள். பெண்களைப் போலீஸில் எடுக்கத் தொடங்கி இரண்டு வருடந்தான் ஆகியிருந்தது. இந்த ஸ்டேஷனுக்கு வந்த முதல் பெண் கான்ஸ்டபிள் அவள். இங்கே அப்படி ஒருத்தி தேவையா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் நரசிம்மன் செங்கல்பட்டு மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டும். தேவையில்லை என்றால், அங்கேயே ஆபீசுக்குத் திரும்பப் போய் ஃபைல் கட்ட வேண்டியதுதான். “டீ நல்லாத்தான் போடற. அத எழுதிடவா?” என்று முந்தாநாள் அவர் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக அவளுக்குள் செரிக்காமல் கிடந்தது.

காலையில் கரையோரமாக வந்தபோது பார்த்தது நினைவுக்கு வந்தது. தோஷம் கழியக் கடலில் முழுகுகிறவர்கள் பழைய துணியை மணலிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தத் துணியை யாரும் உடுத்த மாட்டார்கள். உடுத்தினால் தோஷமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக்காரர் கழற்றிப் போட்டதும் அந்தக் கணக்கில்தானே போயிருக்கும்?

எண்ணம் பொருந்திய வேகத்திலேயே அவளுக்குச் சந்தேகமும் வந்தது. உண்மையிலேயே பொருந்துகிறதா, பொருந்த வேண்டும் என்ற தன் ஆசைதான் பொருத்திக் காட்டுகிறதா?

“சார், எடுத்தவன் அதப் போட்டுக்க மாட்டான் சார்.”

“அப்புறம் இன்னாத்துக்கு எடுத்தான்? பூஜை பண்ணவா?”

அந்தக் கேள்வியையே யோசித்தபடி வெளியே வந்தாள். மனிதர் உடுத்தாத துணி யாருக்கு வேண்டும்? தெருமுனையில் செங்கல் வண்டி ஒன்று குறுக்கே வந்தபோது பதில் கிடைத்தது. கட்டுகிற வீட்டில் தொங்கும் திருஷ்டி பொம்மைக்கு வேண்டும்.

ஊரில் அப்போது மூன்று வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. முதல் வீட்டில் பூசணிக்காய் தொங்கியது. இரண்டாவதில் பொம்மை கிழிந்த வேட்டி கட்டியிருந்தது. மூன்றாவது வீட்டின் சாரத்தில், மண்சட்டித் தலையும் முறுக்கு மீசையுமாக, வைக்கோல் பிதுங்கும் சிவப்புப் பூ பேண்ட்டோடு ஒரு பொம்மை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கீழே புதுச் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் பார்வதம். நரசிம்மனின் மனைவி.

தெய்வநாயகி தெருவிலேயே நின்றுவிட்டாள். சொன்னால் ஊர் சிரிக்கும். சிரிப்புக்கு ஆளானவர் தனக்கு நல்லபடியாக எழுதுவாரா? சொல்லாவிட்டால் அந்த மனிதர் நாளைக்கும் லுங்கியோடுதான் நிற்பார். அவருடைய கை இரண்டும் லுங்கியைப் பிடித்திருந்த விதம்தான் அவளை உள்ளே தள்ளியது.

“அண்ணாத்த, இந்தத் துணி ஏது?” என்று கொத்தனார் துரையைக் கேட்டாள்.

“கரையில கெடந்துது. கூட இருந்த சட்டைய அலை இழுத்துகினு பூட்ச்சி. தலமுழுகி வுட்டது. மனுசன் போட்டாத்தான தோசம், பொம்மைக்கு இன்னா? ஐயாதான் காலையில சொன்னாரு, ‘வூட்டம்மா பேஜார் பண்ணுது, இன்னிக்கே பொம்ம கட்டு’ன்னு. துணி மட்டும் குடுக்கல.”

அவள் சாரத்தில் ஏறினாள். பார்வதம் குடத்தைக் கீழே போட்டாள். “அவுக்காதடி! அமாவாசையும் அதுவுமா கட்டினத அவுத்தா வீடு வெளங்குமா?”

பாக்கெட்டில் வைக்கோல், கடல்மணல், அடியில் ஒரு சின்னப் புத்தகம்.

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் வந்த நரசிம்மன், கட்டிக்கொண்டிருந்த தன் வீட்டு வாசலில் பூப்போட்ட பேண்ட்டை மடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிளையும், சாரத்தில் இடுப்புக்குக் கீழே வெறும் வைக்கோலாகத் தொங்கிய பொம்மையையும் பார்த்தார். துரை நடந்ததைச் சொன்னான்.

“மகஜர் எழுதணும் சார்,” என்றாள் தெய்வநாயகி. “பொருள் எந்த எடத்துல கெடச்சுது, யாரு வூடுன்னு.”

“எழுதாத.” குரல் இறங்கியது. “செங்கல்பட்டுல படிச்சானுங்கன்னா, நான் ரிட்டயர் ஆவற வரைக்கும் சிரிப்பானுங்கம்மா.”

இதுவரை அவர் அவளை அம்மா என்று சொன்னதில்லை.

“கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில்னு எழுதலாம் சார். பேரு வேணாம்.” அவள் நிறுத்தினாள். பேண்ட்டை இன்னொரு மடிப்பு மடித்தாள். “ஆனா, கண்டுபிடிச்சது யாருன்னு எழுதித்தான் ஆவணும். அதையும் செங்கல்பட்டுல படிப்பாங்க இல்ல?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பொம்மையைப் பார்த்தார்.

“படிக்கட்டும்,” என்றார்.

“அதெல்லாம் அப்புறம்,” என்றாள் பார்வதம். “மொதல்ல அதுக்கு ஒரு பேண்ட் குடுங்க. தெருவே பாக்குது.”

நரசிம்மனின் பழைய காக்கி பேண்ட் ஒன்று மேலே ஏறியது. பொம்மைக்கு அது நன்றாகவே இருந்தது. துரை மட்டும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

‘பெண் கான்ஸ்டபிள் இந்த ஸ்டேஷனுக்கு மிகவும் அவசியம்’ என்ற கடிதம் திங்கட்கிழமை போயிற்று. அதைத் தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில், மேலதிகாரியை மிரட்டியதற்கான வெட்கம் தன்னிடம் இருக்கத்தான் வேண்டும் என்று தெய்வநாயகி நினைத்தாள். நிதானமாக, ஒரு மூலை விடாமல் மனதுக்குள் தேடினாள். கிடைக்கவில்லை. அதுதான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது. பயந்துகொண்டே, கையை வீசி நடந்தாள்.