முப்பத்தொரு கப்பல்களின் வாளி

உங்கள் கடல் மற்றவர்களுடைய கடலைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று கடிதம் வந்தது.

நாற்பது நாடுகள் சேர்ந்து நடத்தும் கடல் தரவு மையத்தின் கடிதம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். உங்கள் முப்பத்தொரு சரக்குக் கப்பல்கள் இருபத்திரண்டு வருடம் அளந்த கடல்நீர் வெப்பநிலை, அதே கடலில் அதே நாட்களில் மற்ற நாட்டுக் கப்பல்கள் அளந்ததைவிட அரை டிகிரிக்கு மேல் குறைவு. மூன்று வாரத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் அளவீடுகளும் ‘ஐயத்துக்குரியவை’ என்ற கோப்புக்குப் போகும். தரவுத் தொகுப்பின் அடுத்த பதிப்பு ஆறு வருடம் கழித்துத்தான்.

அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. டீச்சருக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் வானிலை அலுவலகத்தின் தரவுப் பரிசோதகர். யார் தாளை நீட்டினாலும் தப்பைச் சிவப்பு மையில் சுழித்துத்தான் திருப்பித் தருவாள் என்பதால் அலுவலகத்தில் அந்தப் பெயர். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். சுழிக்க ஒன்றுமில்லை.

பிரிவுத் தலைவர் கையை விரித்தார். “விடும்மா. உலகமே ஒரு பக்கம் நிக்குது. நாம மட்டும் எதிர்ல நின்னா எடுபடுமா?”

“எடுபடலன்னா போகட்டும் சார். எதனாலன்னு தெரியணும்.”

அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த முப்பத்தொன்றில் ஒரு கப்பலில் ஒன்பது வருடம் இரண்டாம் அதிகாரியாக இருந்தவர் அவள் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். ஓய்வு பெற்றதும் தங்கை வீட்டு முன்னறையில் நங்கூரம் போட்டவர், இன்னும் எடுக்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் துள்ளி எழுந்தார். “தப்பா? ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ, கொட்டுற மழையில, கயித்தப் புடிச்சு வாளிய எறிஞ்சு அளந்தோம். கை நனையாதவன் சொல்றான், தப்பாம்!”

“வாளியா?” டீச்சர் பாத்திரம் துடைப்பதை நிறுத்தினாள். “எஞ்சின் ரூம் குழாயில இல்லையா?”

“குழாயா? அது சோம்பேறி வேலை. நம்ம கப்பல் எதுலயும் அந்தப் பழக்கம் கிடையாது.”

“அளவீட்டுத் தாள்ல ‘எப்படி அளந்தது’ன்னு ஒரு கட்டம் இருக்கே. முப்பத்தொரு கப்பல்லயும் அது காலி. ஏண்ணே எழுதல?”

“அத எதுக்கு எழுதணும்? எல்லாருக்கும் தெரியுமே.”

“எல்லாருக்கும்னா யாருக்கு?”

அண்ணன் யோசித்தார். “எங்களுக்கு.”

அவ்வளவுதான் சங்கதி. அந்த வாளி தடித்த துணியில் தைத்தது; அதில் மொண்ட நீர் மேலே வருவதற்குள் காற்றுப் பட்டுக் கொஞ்சம் குளிரும். எஞ்சினைக் குளிர்விக்கக் கடலிலிருந்து இழுக்கும் குழாய் நீர் கொஞ்சம் சூடேறியிருக்கும். கட்டம் காலியாக இருந்ததால் மையம் குழாய் என்று எடுத்துக்கொண்டு, சூட்டைக் கழித்திருக்கிறது. ஏற்கனவே குளிர்ந்த நீரை மேலும் குளிரவைத்துவிட்டு, ஏன் குளிர்கிறது என்று கேட்கிறது.

உடனே எழுதினாள். மறுநாளே பதில் வந்தது: “உங்கள் அண்ணனை நம்புகிறோம். ஆனால் நம்பிக்கையைக் கட்டத்தில் நிரப்ப முடியாது. அந்தக் காலத்து எழுத்து ஏதாவது இருக்கிறதா?”

துறைமுக அலுவலகக் கிடங்கில் கருவிப் பதிவேடுகள் பதினைந்து தொகுதி இருந்தன. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி, வெப்பமானி, வாளி, கயிறு எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பது வானிலை அதிகாரியின் வேலை. டீச்சர் ஐந்து நாள் புரட்டினாள். தும்மித் தும்மிப் புரட்டினாள். அத்தனையும் வெளிநாட்டுக் கப்பல்கள். சொந்தக் கப்பல் ஒன்றுகூட இல்லை.

கிடங்குக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: “நம்ம கப்பல்தானேம்மா, அத யாரு எழுதுவா? வர்றவங்களத்தான் எழுதுவோம். விருந்தாளிய கவனிக்கிற மாதிரி.”

டீச்சருக்குக் கோபம் வந்தது. பிறகு கோபம் நின்றது. இங்கே அவர்கள் விருந்தாளி என்றால், அங்கே நாம் விருந்தாளி.

அன்றே பதினான்கு நாடுகளின் துறைமுகங்களுக்கு மின்னஞ்சல் போட்டாள். கப்பல்களின் பெயர்ப் பட்டியல், வருடங்கள், ஒரே கேள்வி: இவற்றில் ஏறியபோது என்ன பார்த்தீர்கள்?

நான்கு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் ஒரு துறைமுக அதிகாரி பதிவேட்டின் படங்களை அனுப்பினாள். புரியாத மொழி. அடியில் அவளே விளக்கம் எழுதியிருந்தாள்: “துணி வாளி கிழிந்திருந்தது. எங்களுடையது ஒன்று கொடுத்தோம்.” அதன் பிறகு அடைமழைதான். ஒருவர் விடுமுறையிலிருந்து திரும்பி வந்து தேடினார். ஒருவர், தன்னிடம் இல்லை, பக்கத்து நாட்டில் இருக்கும் என்று அங்கே தள்ளினார். அங்கே இருந்தது.

காலையில் அண்ணன் தினமும் கேட்டார். “என் கப்பல் வந்துச்சா?”

“இன்னும் இல்லண்ணே.”

கெடு முடிவதற்குள் இருபத்தெட்டு கப்பல்கள் வந்துவிட்டன. மூன்று வரவில்லை. அதில் ஒன்று அவருடையது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் காணொளிக் கூட்டம். பதிவேடு தேடிய பதினான்கு நாட்டுக்காரர்களும் திரையில் ஆளுக்கொரு சன்னலில் இருந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் கேமராவுக்கு எட்டாத மூலையில் உட்கார்ந்தார். கடிதம் எழுதிய மையத்துக்காரர் இருபத்தெட்டு கப்பல்களின் கட்டங்களையும் ‘வாளி’ என்று நிரப்பிக் கணக்கைத் திரும்ப ஓட்டினார். திரையில் கீழே தொங்கிய கோடு எழுந்தது. எழுந்து, மற்ற நாடுகளின் கோட்டோடு ஒட்டிக்கொண்டது.

தலைவர் அவள் காதருகே, “இருபத்தெட்டு போதும்மா,” என்றார்.

“போதாது சார்.” மைக்கைத் திறந்தாள். “மிச்சம் மூணும் இந்த இருபத்தெட்டுக்குப் பக்கத்துல ஓடுன நாட்கள மட்டும் எடுங்க. குழாய்ன்னு வச்சு ஒரு தடவ ஓட்டுங்க. வாளின்னு வச்சு ஒரு தடவ.”

மையத்துக்காரர் தட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு சந்திப்புகள் கிடைத்தன. குழாய் என்றால் வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல். வாளி என்றால், மூன்று கப்பலுக்கும், இல்லை என்றே சொல்லலாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “முப்பத்தொண்ணும் உள்ள வருது மேடம். இந்தக் கடலோட தென்கோடில மட்டும் அந்த வருஷங்கள்ல உங்களத் தவிர யாரும் அளக்கவே இல்ல. இவ்வளவு நாள் எங்க வரைபடத்துல அது ஓட்டை.”

மூலையில் நாற்காலி உருண்டு விழுந்தது. அண்ணன் எழுந்து நின்றிருந்தார்.

“அது யாரு?” என்றார் மையத்துக்காரர்.

“வாளிக்காரர்,” என்றாள் டீச்சர்.

பதினான்கு சன்னல்களிலும் கை தட்டினார்கள். அண்ணன் கேமராவுக்கு முன்னால் வந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அப்புறம்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைவதற்குள் வாளி கொடுத்த துறைமுகத்துப் பெண் கையைத் தூக்கினாள். “எங்க கப்பல்களுக்கும் அந்தக் கட்டம் காலிதான். உங்க பதிவேட்டுல நாங்க இருக்கோமா?”

“எங்களோடதும்,” என்றது இன்னொரு சன்னல். பிறகு இன்னொன்று. பன்னிரண்டு நாடுகள் ஆயின.

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். “கப்பல் பேரச் சொல்லுங்க,” என்றாள். “ஒவ்வொருத்தரா.”