பெரட்டு எடுக்கும் பெட்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் வெட்கம் எனக்குத்தான். என் மகள் மலிவாக ஒரு கித்தார் எம்ப்ளிஃபையர் வாங்கி வந்தாள். போட்டவுடன் குளவிக்கூடு மாதிரி இரைந்தது. மலாக்கா பக்கம் பாச்சாங்கில் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள மாத்திக் கொடுக்கலாம். ஆனா மாத்திட்டா இந்தச் சத்தம் திரும்ப வராது லா. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

இரைச்சல் போவதற்கு யாராவது யோசிப்பார்களா? மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசிக்கக்கூடிய ஒருவன் எங்கோ இருந்திருப்பான் என்று பட்டது. அவனுக்கு அங்கமுத்து என்று பெயர் வைத்தேன். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த அவசரகாலத்தில், 1953இல், செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கம்பி வேலிக்குள் குடிவைத்தேன். அந்தத் தோட்டத்தை வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது.

தொடக்கம் மட்டும் சரியாக வரவில்லை.

'மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு' (மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

'நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள்' (பள்ளிக்கூடப் புத்தகம்.)

'பெட்டி பேசியது.' (இது பொய். பெட்டி பேசவில்லை, பெயர் கூப்பிட்டது.)

2

அங்கமுத்து காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவான், சாயங்காலம் கித்தாரை எம்ப்ளிஃபையர் பெட்டியில் மாட்டி வாசிப்பான். நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் விற்றுவிட்டுப் போன பெட்டி அது. மலாக்கா பழைய சாமான் கடையிலிருந்து தூக்கி வந்தான். மூன்று வால்வு, ஒரு கிழிந்த ஸ்பீக்கர், எந்நேரமும் ஒரு 'ம்ம்ம்'.

அலோர் காஜாவில் கல்யாணப் பாட்டுக்குழு நடத்தும் பாலகிருஷ்ணன் அவனுடைய விரலைக் கேட்டு அசந்துபோனார். பெட்டியைக் கேட்டு முகம் சுளித்தார். "தை மாசக் கல்யாணத்துக்கு இந்த இரைச்சலோட வராதே. சரிபண்ணிக்கிட்டு வந்தா நிரந்தரமா வெச்சுக்கறேன். என் கடையில வேலை, பின்னாலயே ஒரு ரூம்பு. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்துடு."

அவன் மனைவி குஞ்சம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வேலிக்குள் பிள்ளை பெற அவளுக்கு விருப்பமில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு பிடி சோறு வெளியே போய்விடக் கூடாதென்று வேலிக் கேட்டில் அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறதாம். பிள்ளையை அவர்கள் சோற்று மூட்டை என்று நினைத்தார்கள்.

(தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் அந்தக் காலத்தில் ஏது கரண்ட் என்று கேட்பவருக்கு: வேலி விளக்குக்காகத் தோட்டத்தில் ஓர் எஞ்சின் ஓடியது. அங்கமுத்து வீடு எஞ்சின் கொட்டகையை ஒட்டிய கடைசி வீடு. எஞ்சின்காரருக்குப் பாட்டுப் பைத்தியம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.)

மாலை ஆறு மணிக்கு எஞ்சின் ஓடத் தொடங்கும், ஊரடங்கும் தொடங்கும். அப்போது பெட்டியைப் போட்டால் முதலில் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு, முன்பு இந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி நாகமுத்துவின் குரல்.

"பெத்தம்மாள்."

எங்கோ தூரத்தில், "இருக்கேன்யா."

"மீனம்மா."

"இருக்கேன்யா."

இது பெரட்டு. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. விடியலில் நடக்க வேண்டியது பெட்டிக்குள் அந்தியில் நடந்தது. நாகமுத்து செத்தும் போகவில்லை, ஜோகூரில் வேறொரு தோட்டத்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தார். செத்திருந்தால்கூட அங்கமுத்துவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"இருளாண்டி."

பதில் வராது. மறுபடி கூப்பிடுவதும் இல்லை. பெட்டியை நிறுத்தும்வரை வெறும் 'ம்ம்ம்'. யாரோ தலை குனிந்து, பென்சிலைத் தாளில் ஊன்றிக் காத்திருப்பது போல இருக்கும்.

இருளாண்டி, அங்கமுத்துவின் கூடப்பிறந்த அண்ணன். காணாமல் போய் ஒன்றரை வருஷம்.

3

பாச்சாங்கில் ரேடியோ பழுது பார்க்கும் சாமிக்கண்ணுவிடம் அங்கமுத்து போனான். (ஆம், என் பழுதுக்காரரைத்தான் எழுபது வருஷம் பின்னால் தள்ளி உட்காரவைத்தேன்.)

"உள்ள வயர் எல்லாம் அம்மணமா கிடக்கு தம்பி. ஏரியல் மாதிரி ஊர்ப் பேச்சையெல்லாம் இழுக்குது. தகரக் கூடு போட்டு, கண்டென்சரையும் ஒரு வால்வையும் மாத்தினா சுத்தமாயிடும். சத்தமும் ரெண்டு பங்கு."

"அப்புறம் அந்தப் பேச்சு வராதாண்ணே?"

சாமிக்கண்ணு கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "என்ன பேசுது?"

"பேரு கூப்பிடுது."

"பேரா?" அவர் எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார். "தம்பி, போலீஸ் வயர்லெஸ்ல ஆளுங்க பேருதான் ஓடிக்கிட்டு இருக்கு. அது உன் பெட்டியில கேக்குதுன்னு எவனாவது சொன்னான்னு வை, உன்னை உள்ள தள்ளிட்டு அப்புறந்தான் விசாரிப்பான். சனிக்கிழமை கொண்டாந்துடு. யோசிக்காதே."

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றான் அங்கமுத்து.

4

இந்த இடத்தில் எனக்கு அங்கமுத்து மேல் சந்தேகம் வந்துவிட்டது.

'அண்ணன் பெயரையாவது கேட்டுக்கொண்டிருக்கலாமே என்று அவன் உருகி' (அடித்துவிட்டேன். அவன் உருகவில்லை. ஆறு மணி ஆனால் பெட்டியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பாசம் உள்ளவன் ஏன் பயப்படுகிறான்?)

இரண்டு நாள் கதையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தெரிந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டாள் பெரட்டுக்குப் பிந்திவிட்டால், கூட நிற்பவர் குரலை மாற்றி அவருக்காக 'இருக்கேன்யா' சொல்வது. இருட்டு, லாந்தர் வெளிச்சம், கிராணி தலை நிமிர மாட்டார். பிந்தியவர் குறுக்குப் பாதையில் ஓடிவந்து தம் மரத்தைப் பிடித்துவிடுவார். இதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை. இருளாண்டி தூக்கத்துக்குப் பேர்போனவன். அவனுக்காக அங்கமுத்து எத்தனையோ நாள் குரல் கொடுத்திருக்கிறான். அண்ணன் காணாமல் போன அன்றும் கொடுத்தான்.

ஒன்பது மணிக்கு மேட்டுப் பக்கம் துப்பாக்கிச் சத்தம். சிப்பாய்கள் இறங்கி வந்து, "உங்கள் ஆள் யாராவது குறைகிறார்களா?" என்று கேட்டார்கள். கிராணி புத்தகத்தைத் திறந்து காட்டினார். எல்லாரும் இருந்தார்கள். அதனால், மேட்டில் யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மத்தியானம் பால் நிறுக்கும்போது இருளாண்டியின் வாளி வரவில்லை. அங்கமுத்துவைக் கேட்டார்கள். பொய்க்குரல் கொடுத்தேன் என்று சொன்னால் அண்ணனைக் காட்டுக்கு அனுப்பியதே இவன்தான் என்பார்கள். "காலையில பார்த்தேங்க" என்றான். மறுநாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைய தேதியில் புத்தகத்தில் இருளாண்டி இன்னும் வேலைக்கு வந்திருக்கிறான்.

இது தெரிந்த ஒரே ஆள் குஞ்சம்மா. பெரட்டில் அவள் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

(இருளாண்டிக்கு என்ன ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். குண்டு பட்டான் என்று எழுதினேன், காட்டோடு சேர்ந்துவிட்டான் என்று எழுதினேன். இரண்டு தாளையும் கிழித்துவிட்டேன். தெரியாததுதான் அங்கமுத்துவின் தண்டனை. அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.)

5

முடிவுகள்.

அ. பெட்டியைக் கொடுக்கிறான். சாமிக்கண்ணு தகரக் கூடு போடுகிறார். தை மாதக் கல்யாணத்தில் கித்தார் மணியாக ஒலிக்கிறது. அலோர் காஜாவில் பிள்ளை பிறக்கிறது. வாசிக்குமுன் அவன் ஏன் ஸ்பீக்கர் துணியில் காதை வைத்துப் பார்க்கிறான் என்று பாலகிருஷ்ணனுக்கு மட்டும் விளங்கவில்லை.

ஆ. கொடுக்கவில்லை. எஞ்சின்காரர் ஒரு நாள் பெயர்களைக் கேட்டுவிடுகிறார். போலீஸ் ஜீப் வருகிறது.

இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டிலும் அண்ணன் பெயர் பாதியில் நிற்கிறது. பழுது பெட்டியில் இல்லை, தம்பியின் வாயில் இருக்கிறது. அதனால் நான் திட்டமிடாத ஒன்றை எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது.

6

வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை சாமிக்கண்ணு கடைக்குப் போகும் பஸ்ஸுக்காகப் பெட்டியைக் கைலியில் சுற்றி வைத்திருந்தாள் குஞ்சம்மா. எஞ்சின் ஓடத் தொடங்கியது. அங்கமுத்து முடிச்சை அவிழ்த்தான்.

"இன்னிக்குமா? நாளைக்குத்தான் கொடுக்கப் போறோமே."

"ஒரே ஒரு தடவை குஞ்சு."

இரைச்சல். செருமல். பெத்தம்மாள் இருந்தாள். மீனம்மா இருந்தாள்.

"இருளாண்டி."

அங்கமுத்து குனிந்து ஸ்பீக்கர் துணியருகே வாயைக் கொண்டுபோனான்.

"வரலைங்கையா" என்றான். குரலை மாற்றவில்லை. "அன்னிக்கும் வரலைங்கையா. நாந்தான் பொய் சொன்னேன்."

ஒன்றரை வருஷமாக அழாதவன் அழுதான். குஞ்சம்மா அவன் முதுகில் கை வைத்தாள். அவளும் அழுதாள், ஆறுதலால். பெட்டிக்குள் இரைச்சல் நின்றுபோயிருந்தது. தகரக் கூடு இல்லாமலே, கண்டென்சர் மாற்றாமலே, அவ்வளவு சுத்தமான அமைதி.

கதையை இங்கே முடித்திருக்கலாம். எழுத்தாளன் நல்லவனாக இருந்தால் முடித்திருப்பான். ஆனால் பெரட்டுப் புத்தகத்தில் ஒரே வீட்டு ஆட்களை ஒருவர் கீழ் ஒருவராக எழுதுவது வழக்கம். ஒரு பெயருக்குப் பதில் கிடைத்துவிட்டால் கிராணி அடுத்ததற்குப் போக வேண்டியதுதானே.

பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு நாகமுத்துவின் குரல், மிக அருகில்.

"அங்கமுத்து."

பதினைந்து வருஷ விடியற்காலைகள் அவன் தொண்டையில் இருந்தன. வாய் தானாகத் திறந்தது. சத்தம் வருமுன் குஞ்சம்மா பாய்ந்து அவன் வாயைப் பொத்திவிட்டாள்.

இப்போது அப்படியேதான் நிற்கிறார்கள். அவன் சொன்னால் வெறும் பெயர்ப் பதிவாக இருக்கலாம், காலையில் இருவரும் பஸ் ஏறலாம். அல்லது அண்ணன் போன இடத்து வரிசையில் அவனும் சேர்ந்துவிடலாம். சொல்லாவிட்டால் அவன் இல்லை என்று புத்தகத்தில் ஏறும். அது என்ன புத்தகம் என்று எனக்குத் தெரியாது. வயரைப் பிடுங்க அவளுக்கு இன்னொரு கை இருக்கிறது, அது வயிற்றின் மேல் இருக்கிறது.

அவன் மூச்சு அவள் உள்ளங்கையில் சுடுகிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் கைவிட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். உங்களைத்தான் பார்க்கிறாள்.

கையை எடுக்கட்டுமா என்று கேட்கிறாள்.